புது ஃப்ளாட் ஆய்வில் குறைகளுக்கு டேப் ஒட்டலாமா? ஒட்டுவதென்றால் எப்படி: முழுமையான வழிகாட்டி

சாவி வாங்குவதற்கு முன் புது ஃப்ளாட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். குறை கண்ட இடத்திலேயே டேப் ஒட்டிக் காட்டிவிடலாமா, இல்லை போட்டோ எடுத்து அறிக்கையில் எழுதினால் போதுமா?

ஒட்டலாம். ஆனால் எல்லா வீட்டிலும் கூடாது, எல்லாக் குறைக்கும் கூடாது. டேப் என்பது சரிசெய்ய வரும் ஆளுக்கு இடத்தைக் காட்டுவதற்கு. அங்கே ஒரு குறை இருந்தது என்பதற்கு ஆதாரம் அறிக்கைதான். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் சென்னையிலும் அதைச் சுற்றியும் கட்டப்படும் அடுக்குமாடி வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது. வாங்குகிறவரே செய்யலாம். தொழிலாக ஆய்வு செய்ய வருகிறவருக்கும் இதே வரிசைதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்; ஏன் என்பது அந்தந்த இடத்தில் தெரியும்.

1. குறி வைக்கக்கூடிய வீடா என்று முதலில் பாருங்கள்

கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்றைய தேதியில் இந்தச் சுவர் யாருடையது, இதைச் சரிசெய்யப் போவது யார்?

ஹேண்ட் ஓவருக்கு, அதாவது வீட்டை ஒப்படைப்பதற்கு, முந்தைய புது ஃப்ளாட் என்றால் வீடு பில்டர் கையில் இருக்கிறது, சரிசெய்யப் போவதும் அவர் ஆட்கள்தான். குறி வைப்பதால் பயன் உண்டு. குடியேறிய பிறகு, பில்டரின் பொறுப்புக் காலத்துக்குள் ஆய்வு செய்தால் வீடு உரிமையாளருடையது. அவர் சரி என்றால் ஒட்டலாம்.

கைமாறும் பழைய வீடு வேறு கதை. விற்கிறவர் இன்னும் அங்கே குடியிருப்பார். வாங்குகிறவர் பணம் கொடுத்து உங்களை அழைத்து வந்திருந்தாலும் அந்தச் சுவரில் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. குறையைச் சரிசெய்ய யாரும் வரப்போவதும் இல்லை. விலை பேசுவதற்குத்தான் உங்கள் அறிக்கை. அதனால் குறியால் ஒரு பயனும் கிடையாது, சண்டை வர வாய்ப்பு மட்டும் உண்டு. அமெரிக்காவிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான். புது வீட்டுக்கு நீல டேப்போடு ஒரு சுற்று போவார்கள், பழைய வீட்டில் பொதுவாக எதிலும் குறி வைக்க மாட்டார்கள்.

வாடகைக்கு ஆள் குடியிருக்கும் வீட்டிலும் ஒட்ட வேண்டாம். போட்டோவும் அளவும் போதும்.

2. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

வாங்குகிறவர் “தாராளமா ஒட்டுங்க சார்” என்று சொல்வார். ஹேண்ட் ஓவருக்கு முன்னால் அந்த அனுமதி போதாது. சைட் இன்ஜினியரிடமோ, பில்டரின் வாடிக்கையாளர் பிரிவிலோ வாங்க வேண்டும். வாய்ப்பேச்சாக இல்லாமல் வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ இருக்கட்டும். நீளமாக எழுத வேண்டியதில்லை:

“நாளை காலை 10 மணிக்கு ஃப்ளாட் ஆய்வு. குறை உள்ள இடங்களில் எளிதில் உரியும் பெயின்டர் டேப் ஒட்டி எண் இடுவோம். சுவரில் பேனா, மார்க்கர், பெயின்ட் பயன்படுத்த மாட்டோம். டேப் ஒட்டக் கூடாத பரப்பு ஏதாவது இருந்தால் இன்றே சொல்லுங்கள். மறு ஆய்வு வரை டேப்பை எடுக்க வேண்டாம்.”

இதில் கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். கதவுக்குப் போன வாரம்தான் பாலிஷ் போட்டார்கள், ஹால் சுவருக்கு நேற்றுதான் கடைசி கோட் அடித்தார்கள் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வெளிவரும். டேப்பை எடுக்க வேண்டாம் என்ற வரி ஏன் என்பதற்கு 11ஆம் பகுதியில் வருகிறேன்.

அதே செய்தியில், கசிவு இருக்கிறதா என்று பார்க்க, பாத்ரூம்களில் முந்தின நாளே தண்ணீர் தேக்கி வைக்கச் சொல்லுங்கள். வெளியேறும் வாயை அடைத்து, ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், 24 மணி நேரம். ஆய்வு நாளன்று இதைத் தொடங்கினால் அன்றைக்கு எதுவும் தெரியாது.

3. பையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது

நீல நிறப் பெயின்டர் டேப், 1 அங்குல அகலம். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெளிர்மஞ்சள் மாஸ்கிங் டேப்பும் பார்க்க அதே போலத்தான் இருக்கும், ஆனால் அதன் பசை வேறு. இரண்டு மூன்று நாள் வெயில் பட்டால் காகிதம் தனியாகக் கிழிந்து வரும், பசை சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நீல டேப்பில் எத்தனை நாளுக்குள் பசையில்லாமல் உரிக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்காட்ச் ப்ளூ 2090 என்றால் 14 நாள். உங்கள் மறு ஆய்வு அந்தக் கெடுவுக்குள் வருமா என்று பார்த்து வாங்குங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவருக்கென்று பசை குறைவான ரகம் தனியாக உண்டு, அதிலும் ஒரு சுருள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு நிறங்களில் டேப் எடுத்துக்கொண்டால் வேலை சுலபம். பெயின்டருக்கு நீலம், டைல்ஸ் போடுகிறவருக்கு மஞ்சள், தச்சு வேலைக்கும் ஜன்னலுக்கும் பச்சை என்று பிரித்துவிடலாம். இந்த ஆட்கள் ஒரே நாளில் வருவதில்லை. பெயின்டர் வரும் நாளில் அவர் கண்ணுக்கு அவர் நிறம் மட்டும் பட்டால் போதும்.

டேப்பின் மேல் எழுத ஒரு மார்க்கர் வேண்டும். எழுதுவது டேப்பின் மேல்தான், அதுவும் ஒட்டுவதற்கு முன்பே. சுவரில் ஒட்டிவிட்டு எழுதினால் மை டேப்பின் ஓரத்தைத் தாண்டிச் சுவரில் படும்.

இவை தவிர, தட்டிப் பார்க்கும் கம்பி, ரசமட்டம், மட்டப்பலகை, அளவு டேப், டார்ச், சாக்கெட் டெஸ்டர், விரிசல் அகலம் பார்க்கும் அட்டை. ஓதம், அதாவது சுவருக்குள் ஏறிய ஈரம், பார்க்கும் மீட்டர் இருந்தால் நல்லது.

பையில் இருக்கவே கூடாதவை: பெர்மனென்ட் மார்க்கரால் நேராகச் சுவரில் எழுதும் பழக்கம், மெழுகு க்ரேயான், சிவப்புச் சாக்பீஸ், ஸ்ப்ரே பெயின்ட். மார்க்கர் மை சுவரின் எமல்ஷன் பெயின்டை ஊடுருவி வெளியே வரும். இரண்டு கோட் அடித்தாலும் மறுபடி மங்கலாகத் தெரியும், கறை மறைக்கும் ப்ரைமர் தனியாக அடிக்க வேண்டியிருக்கும். மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. வண்ணச் சாக்பீஸ் சொரசொரப்பான டைல்ஸின் நுண்துளைகளில் இறங்கிவிடும். இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும், குறையைக் கண்டுபிடிக்க வந்த நீங்களே ஒரு குறையை உண்டாக்கியவர் ஆகிவிடுவீர்கள். அதற்கப்புறம் அறிக்கையில் உள்ள எல்லாவற்றையும் பில்டர் தரப்பு அந்த ஒன்றைக் காட்டியே தள்ளிவிடப் பார்க்கும்.

4. எண் முறையைப் போவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் டேப்பில் “இங்கே பட்டி (பெயின்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசுவது) சரியில்லை, மறுபடி தேய்க்கவும்” என்று எழுதுவார்கள். வேண்டாம். சென்னை சைட்டுகளில் டச் அப் வேலைக்கு, அதாவது குறைகளைத் திருத்த, வருகிறவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. எண்ணும் அம்புக்குறியும் எல்லோருக்கும் புரியும்.

அறை வாரியாக நூறு நூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று கடிகாரச் சுற்றில் போனால் முதல் அறை 100, அடுத்தது 200, அதற்கடுத்தது 300. ஹாலில் காணும் மூன்றாவது குறை 103. சமையலறையில் முதல் குறை 201. அறைக்குள்ளும் கதவுக்கு இடப்பக்கச் சுவரில் தொடங்கிக் கடிகாரச் சுற்றிலேயே போங்கள். டேப் விழுந்துவிட்டாலும் 307 என்றால் எந்த அறை, ஏறக்குறைய எந்தச் சுவர் என்று அறிக்கையை வைத்தே போய்விடலாம்.

வீடு முழுக்க 1, 2, 3 என்று தொடர்ந்து எண் போட்டால், ஆய்வு முடியும் நேரத்தில் ஹாலில் ஒன்று விட்டுப்போனது தெரிந்து, 94ஐக் கொண்டுபோய் 6க்கும் 7க்கும் நடுவில் ஒட்டுவீர்கள். சரிசெய்ய வருகிறவர் அதைத் தேடி பால்கனியில் நிற்பார்.

5. முதல் சுற்றில் டேப்பைத் தொடாதீர்கள்

இதுதான் வரிசையில் எல்லோரும் தவறவிடும் இடம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் கீறலுக்கு டேப் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் கை நிற்காது.

முதல் சுற்றில் கையில் நோட்டு மட்டும் இருக்கட்டும். ஜன்னல்களை எல்லாம் திறந்து, பகல் வெளிச்சத்தில் எல்லா அறைகளையும் ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் தேக்கிய பாத்ரூம்களுக்கு நேர் கீழே உள்ள வீட்டின் சீலிங்கைப் போய்ப் பார்த்துவிடுங்கள். மின்சாரப் பெட்டியில் ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்தி, ட்ரிப் ஆகிறதா, அதாவது தானாக அணைகிறதா என்று பாருங்கள். எல்லாச் சாக்கெட்டிலும் டெஸ்டரைச் செருகிப் பாருங்கள். தரையை மூலைக்கு மூலை தட்டிக்கொண்டே போங்கள்.

குறி வைக்காமல் சுற்றச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எது தனிக் குறை, எது வீடு முழுக்கப் பரவிய குறை என்று தெரிய வேண்டும். ஹாலில் இரண்டு டைல்ஸ் ஹாலோவாக, அதாவது அடியில் கலவை சேராமல் வெற்றிடமாக, இருந்தால் அவை தனிக் குறைகள். மூன்று அறைகளிலும் அதே சத்தம் கேட்டால் அது போட்ட முறையிலேயே உள்ள கோளாறு. இரண்டையும் வேறு வேறு விதமாகக் கையாள வேண்டும் (8ஆம் பகுதி). இரண்டாவது காரணம், எதற்குக் குறி வைப்பது என்ற அளவுகோல் மனத்தில் அமைய வேண்டும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் உலகத்தில் எந்தச் சுவரும் அலை அலையாகத்தான் தெரியும். பட்டி வேலையின் போக்கைப் புரிந்துகொள்ள டார்ச் உதவும், ஆனால் டேப்புக்கு அது அளவுகோல் இல்லை. நான் பின்பற்றுவது இது: பகல் வெளிச்சத்தில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தெரிகிற மேடு பள்ளத்துக்கு மட்டும் டேப்.

ஒரே சுவரில் நாற்பது டேப் ஒட்டினால் அந்தப் பெயின்டர் நாற்பதையும் ஒரே மாதிரி தேய்த்துவிட்டுப் போவார். உண்மையிலேயே உள்ளே ஓதம் ஏறியிருக்கும் அந்த ஒரு இடமும் அதில் சேர்ந்து மறைந்துவிடும்.

6. முதலில் போட்டோ, பிறகு டேப், மறுபடி போட்டோ

இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு குறைக்கும் மூன்று படங்கள் எடுங்கள்.

முதல் படம் தள்ளி நின்று. எந்த அறை, எந்தச் சுவர் என்று அடையாளம் தெரியும்படி ஜன்னலோ கதவோ சேர்ந்து வரட்டும். இரண்டாவது படம் கிட்டப் போய், டேப் இல்லாமல், பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து. மூன்றாவது படம் டேப் ஒட்டிய பிறகு, எண் தெளிவாகத் தெரியும்படி.

டேப் இல்லாத படம் எதற்கு என்று கேட்பார்கள். டேப்பை உரித்தபோது வந்த கீறல் அது என்று யாராவது சொன்னால், டேப் ஒட்டுவதற்கு முன்பே கீறல் இருந்ததைக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

ஒட்டும்போது குறையின் மேல் ஒட்டாதீர்கள், பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டு விரல் தள்ளி, அம்புமுனை குறையைப் பார்க்கும்படி. மேலேயே ஒட்டிவிட்டால் வேலையாள் டேப்பை உரித்தால்தான் குறையைப் பார்க்க முடியும். உரித்த டேப்பைத் திரும்ப ஒட்ட மாட்டார், எண் போய்விடும். டேப்பின் ஒரு முனையை அரை அங்குலம் மடித்து விடுங்கள். உரிப்பதற்குப் பிடி கிடைக்கும். நகத்தால் சுரண்ட வேண்டியிருக்காது.

7. எந்தப் பரப்பில் எப்படி

சுவர்தான் அதிகம் ஏமாற்றும். எமல்ஷன் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே இறுக இன்னும் நாளாகும். அதனால் முதல் டேப்பை கதவுக்குப் பின்னால் உள்ள சுவரிலோ வார்ட்ரோப் வரப்போகும் இடத்திலோ ஒட்டி, பத்து நிமிடம் விட்டு, சுவரோடு சேர்த்து மெதுவாக உரித்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் தொடரலாம். பெயின்ட் செதிலாகக் கூடவே வந்து, டேப்பின் பசையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பட்டி பொடிந்துபோயிருக்கிறது அல்லது ப்ரைமர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதுவே பெரிய குறை, அறிக்கையில் முதல் பக்கத்தில் போக வேண்டியது. உரிந்த டேப்பையும் சுவரையும் சேர்த்துப் படம் எடுத்து, அந்த நிமிடமே சைட் இன்ஜினியரை அழைத்துக் காட்டுங்கள். அந்தச் சுவர்களில் மேற்கொண்டு டேப் வேண்டாம். நேர் கீழே, சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல்ஸில் எண்ணை ஒட்டி, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று எழுதிவிடலாம்.

தரை டைல்ஸில் எல்லாம் ஒட்டும், ஆனால் ஆட்கள் நடந்து நடந்து ஓரிரு நாளில் டேப் சுருண்டுவிடும். ஹாலோ டைல்ஸுக்கு டைல்ஸின் நடுவில் ஒட்டாமல், எந்த மூலையில் சத்தம் மாறுகிறதோ அந்த மூலையில் ஒட்டுங்கள். மூலை வெற்றிடமாக இருக்கும் டைல்ஸ்தான் கட்டில் கால், பீரோ கால் பட்டால் உடையும். அதே எண்ணை நேர் எதிரே ஸ்கர்ட்டிங்கிலும் ஒட்டிவிட்டால் தரையில் உள்ளது போனாலும் கவலையில்லை.

பாத்ரூம் தரையில் வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, சரியில்லை என்றால் ஈரத்தில் டேப் ஒட்டாது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, தண்ணீர் தேங்கிய இடத்தின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். நாணயத்தின் மேல் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்பது படத்திலேயே தெரியும். எண்ணை மேலே காய்ந்த சுவர் டைல்ஸில் கீழ்நோக்கிய அம்போடு ஒட்டுங்கள்.

கிரானைட் மேடையில் டேப் ஒட்டலாம், பேனா கூடாது. இத்தாலிய மார்பிள் போட்ட வீடு என்றால் டேப்பும் வேண்டாம். நுண்துளை அதிகம், பசையின் எண்ணெய் இறங்கிக் கறையாகும். சுவரிலிருந்து இரண்டு திசையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பாலிஷ் போட்ட கதவில் முகப்பில் ஒட்டாதீர்கள். புது பாலிஷில் டேப் இருந்த இடம் மங்கலாகத் தெரியும். கீல் இருக்கும் பக்கத்து விளிம்பிலோ, நிலையை ஒட்டிய சுவரிலோ ஒட்டலாம்.

ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டுங்கள். மேற்குப் பார்த்த பால்கனிக் கண்ணாடியில் ஏப்ரல், மே மாதத்தில் டேப் ஒட்டினால் பெட்டியில் போட்டிருக்கும் 14 நாளை நம்ப வேண்டாம். வெயிலில் பசை வெந்துவிடும், ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கில் டேப் நிற்காது, விழும். கீழே சுவரில் மேல்நோக்கிய அம்பு போதும்.

8. டேப் ஒட்டக் கூடாத குறைகள்

வீடு முழுக்கப் பரவிய குறைக்கு டேப் ஒட்டாதீர்கள். இருபது டைல்ஸ் ஹாலோ என்று கண்டுபிடித்து இருபதுக்கும் டேப் ஒட்டினால், மேஸ்திரி அந்த இருபதை மட்டும் மாற்றுவார். இருபத்தொன்றாவதைப் பற்றிக் கேட்டால் “நீங்க மார்க் பண்ணதெல்லாம் மாத்தியாச்சே” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: குறி வைத்த இடம் தப்பு என்றால், வைக்காத இடம் சரி என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட குறைக்கு அறையின் வரைபடத்தில் கட்டம் போட்டு, சத்தம் மாறிய டைல்ஸை எல்லாம் நிழலிட்டு, “தரை முழுவதையும் பில்டர் மறுபடி தட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்” என்று எழுதுங்கள்.

மின்சார ஆபத்து டேப்புக்குக் காத்திருக்கக் கூடாது. சாக்கெட்டில் எர்த் இல்லை, ஆர்சிசிபி ட்ரிப் ஆகவில்லை என்றால் அந்தச் சர்க்யூட்டின் எம்சிபியை, அதாவது பெட்டியில் அதற்குரிய சுவிட்சை, இறக்கிவிட்டு, உடனே ஆளை அழைத்துச் சொல்லுங்கள். டேப்பைக் குறையின் மேலேயே ஒட்டலாம் என்றால் அது இங்கே மட்டும்தான். சாக்கெட்டின் துளைகளை மூடும்படி குறுக்கே ஒட்டுங்கள், யாரும் ட்ரில்லிங் மெஷினைச் செருகிவிடக் கூடாது.

விரிசல்களில் இரண்டு வகை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக மேலிருந்து கீழ் ஓடும் மெல்லிய விரிசல் இங்கே சாதாரணமாகக் காண்பது. வலை போட்டுப் பூசாததால் வருவது. அதற்கு டேப் ஒட்டலாம். பீமிலோ தூணிலோ ஸ்லாப்பிலோ உள்ள விரிசலுக்கும், சுவரில் சாய்வாக ஓடி அகலமாகிக்கொண்டே போகும் விரிசலுக்கும் டேப் கூடாது. டேப்பைக் கண்டதும் பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், அப்புறம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்க எதுவும் இருக்காது. இதை எழுத்தில் மட்டும் தெரிவித்து, “இன்ஜினியர் பார்க்கும் வரை மூட வேண்டாம்” என்று சேர்த்து எழுதுங்கள். விரிசல் வளர்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தால், உரியவரின் அனுமதியோடு அதன் இரண்டு நுனியிலும் மெல்லிய பென்சிலால் ஒரு குறுக்குக்கோடும் தேதியும் போடலாம். சுவரிலேயே எழுத நான் ஒப்புக்கொள்ளும் குறி இது ஒன்றுதான், ஏனென்றால் இங்கே நுனி எங்கே இருந்தது என்பதுதான் தகவலே.

பொது இடங்களான லிஃப்ட் லாபி, படிக்கட்டு, மொட்டை மாடி, குழாய்கள் போகும் ஷாஃப்ட் எதிலும் ஒட்ட வேண்டாம். அவை ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும் உரியவை இல்லை.

9. அறிக்கையை அன்றே எழுதி அனுப்புங்கள்

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, பிரிவு 14(3) இதைத்தான் சொல்கிறது: வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ, வேலைப்பாட்டிலும் தரத்திலும் வேறு குறையோ பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் கூடுதல் பணம் வாங்காமல் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வாங்கியவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு.

கவனத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? சுவரில் இருந்த டேப்பில் தேதி இல்லை, கையெழுத்து இல்லை, டேப்பே ஒரு மாதத்தில் இருக்காது. மின்னஞ்சலுக்குத் தேதி உண்டு. அதனால் டேப் ஒட்டிய எல்லாமும் அறிக்கையில் இருக்க வேண்டும், டேப் ஒட்டாதவையும் இருக்க வேண்டும். அறிக்கையில் இல்லாத டேப் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது.

ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

“304. படுக்கையறை, ஜன்னல் சுவர். ஜன்னலின் இடது கீழ் மூலையிலிருந்து 20 செ.மீ. கீழே, ஏறக்குறைய 15 செ.மீ. அகலத்துக்குப் பெயின்ட் உப்பியிருக்கிறது. மீட்டரில் சுற்றுச் சுவரைவிட ஈரம் அதிகம். வெளிப்பக்க சீலன்ட் பார்க்கப்பட வேண்டும். காரணம் சரியாகும் வரை உள்பக்கம் பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டாம். டேப் ஒட்டப்பட்டது.”

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒவ்வொரு பதிவிலும் “டேப் ஒட்டப்பட்டது” அல்லது “டேப் ஒட்டப்படவில்லை” என்று எழுதிவிடுங்கள். அறிக்கையின் தொடக்கத்தில் இந்த வரியையும் சேருங்கள்: “டேப் வசதிக்காக மட்டும். டேப் இல்லாத இடம் குறையற்றது என்று பொருள் இல்லை.” 8ஆம் பகுதியில் சொன்ன மேஸ்திரியின் கேள்விக்கு இதுதான் பதில்.

10. சைட் இன்ஜினியரோடு ஒரு நடை

அறிக்கையை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முடிந்தால் அன்றே, இல்லாவிட்டால் அடுத்த நாள், சைட் இன்ஜினியரோடு வீட்டை ஒருமுறை நடந்து வாருங்கள். அவர் ஒவ்வொரு எண்ணையும் கண்ணால் பார்க்கட்டும். எதை ஒப்புக்கொள்கிறார், எதை இல்லை என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ளாததை அங்கேயே சண்டை போட்டு முடிக்க வேண்டாம். டேப்பையும் எடுக்க வேண்டாம். “இந்த எண்ணில் கருத்து வேறுபாடு” என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் சரி. உண்மையில் இந்த நடையில் டேப்பின் பலன் முழுதாகத் தெரியும். அறுபது பக்க அறிக்கையைச் சைட்டில் நின்று யாரும் படிக்க மாட்டார்கள். அம்புக்குறியைப் பார்த்தால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

11. மறு ஆய்வு: டேப்பை எடுப்பது யார்

டேப்பை எடுக்க வேண்டியது ஆய்வு செய்தவர் அல்லது வாங்கியவர். வேலை செய்தவர் இல்லை. அனுமதிக் கடிதத்திலேயே இதை எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான். வேலை முடிந்தால் டேப்பை எடுத்துவிடலாம் என்று விட்டால், வேலை முடியாமலும் டேப் போய்விடும். பெயின்ட் அடிப்பதற்கு இடைஞ்சல் என்று எடுக்க வேண்டியிருந்தால் பக்கத்து ஸ்கர்ட்டிங்கில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பெயின்டர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

மறு ஆய்வுக்குப் போகும்போது டேப்பைத் தேடிப் போகாதீர்கள். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எண் வரிசையில் போங்கள். டேப்பைப் பின்தொடர்ந்து போனால் டேப் விழுந்துபோன குறைகள் எல்லாம் சரியானதாகவே தோன்றும். புதியவர்கள் மறு ஆய்வைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்புவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரியாகியிருந்தால் முதலில் டேப்போடு ஒரு படம், பிறகு டேப்பை உரித்து ஒரு படம். பாதி சரியாகியிருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு, பக்கத்தில் கூடுதலாக ஒரு கோடு போடுங்கள். புது எண் கொடுத்தால் அது புதுக் குறையாகிவிடும். முதல் ஆய்விலேயே சொன்னது என்ற தொடர்பு அறுந்துவிடும். சரிசெய்யும்போது புதிதாக உண்டான சேதத்துக்கு மட்டும் புது எண். மாற்றிய டைல்ஸின் பக்கத்து டைல்ஸில் ஓரம் பெயர்வது, டச் அப் அடித்த இடம் திட்டாகத் தெரிவது போன்றவை அதில் வரும்.

டேப்பை உரிக்கும்போது சுவரோடு படிந்தாற்போல, மெதுவாக, ஒரே வேகத்தில் இழுங்கள். வெடுக்கென்று வெளிப்பக்கம் இழுத்தால் நல்ல பெயின்டும் வரும். கண்ணாடியிலும் டைல்ஸிலும் பசை தங்கினால் பஞ்சில் நீலகிரித் தைலம் நான்கு சொட்டு விட்டுத் துடைத்தால் போய்விடும். பெயின்ட் அடித்த சுவரிலும் மார்பிளிலும் தைலம் கூடாது, எண்ணெய்க் கறை நிற்கும். சுவரில் உள்ள பசையை அதே டேப்பின் புதுத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்துவிடலாம்.